காகித ஆலையின் வாரிசுகள்

அப்பா ஆலைக்குள்ளேயே லாரி மோதிச் செத்துப்போனதால் அவருடைய வேலை அவளுக்கு வந்தது. கூட்டித் துடைக்கும் வேலை. அவள் வேதியியலில் பட்டம் வாங்கியவள். ஆய்வுக்கூடத்தில் இரண்டு இடம் காலியாக இருந்தும், வாரிசு வேலை என்றால் அப்பா பார்த்த வேலைதான் என்று கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் அம்மா படுத்த படுக்கை. வாயை மூடிக்கொண்டு துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

அதே வருடம் முதலாளியின் மகனும் அப்பாவின் நாற்காலிக்கு வந்தான்; கடைசிச் சொல் மட்டும் அப்பாவிடமே இருந்தது. எல்லோருக்கும் அவன் ‘சின்னவர்’. எந்த மோட்டாரையும் பிரித்துப்போட்டு மாட்டிவிடுவான். நாலு பேர் முன்னால் ஒரு முடிவெடுக்கச் சொன்னால் வியர்த்துக் கொட்டும்.

சில மாதங்களில், காகிதம் பழுத்து ஓரம் நொறுங்குகிறது என்று சரக்கு திரும்பி வர ஆரம்பித்தது. ஆய்வுக்கூடத் தலைவர் மரக்கூழின் மேல் பழியைப் போட்டார். அவரும் தன் அப்பா இருந்த பதவிக்கு வந்தவர்தான். அவள் ஆய்வுக்கூடத்தைப் பெருக்கும்போது, குப்பைக்குப் போகவிருந்த காகிதத் துண்டுகளைச் சோதித்துப் பார்த்தாள். அமிலம் அப்படியே தங்கியிருந்தது. கூழை அலசும் தொட்டியில் தண்ணீர் போதவில்லை.

சின்னவரிடம் சொன்னாள். அவன் உட்காராமல் நின்றே கேட்டான். அவளை ஆய்வுக்கூடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே அப்பாவிடம் போய்ச் சொன்னான். துடைப்பக்காரி சொல்லி ஆலை நடத்தினால் ஊரே சிரிக்கும் என்றாராம் பெரியவர். ஆய்வுக்கூடத் தலைவர் வேலையை விட்டுவிடுவதாக மிரட்டினார். சின்னவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தான்.

“என்னால அவரை மீற முடியல. இந்த நாற்காலி வேணாம்னு சொன்னப்பவும் அவர் கேக்கல,” என்றான் அவளிடம்.

“என்னை மாத்த வேணாம் சார். தண்ணியையாவது கூட்டச் சொல்லுங்க.”

தொட்டியில் தண்ணீர் கூடவில்லை.

பாடப்புத்தகக் காகிதத்துக்கு வந்திருந்த பெரிய ஆர்டர் கைவிட்டுப் போனது. ஒரே வருடத்தில் ஆலைக்குப் பூட்டு. முந்நூற்று நாற்பது பேர் தெருவுக்கு வந்தார்கள். வாசலில் இருந்த சாப்பாட்டுக் கடை, சைக்கிள் கடை, தையல் கடை எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இயந்திரங்களை உடைத்து இரும்பு விலைக்கு ஏற்றிப் போனார்கள்.

அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியும் என்று அங்கே கேட்கவே இல்லை. முன்பு பார்த்த வேலையை மட்டும் கேட்டார்கள். பெரியவரை அங்கே சேர்த்திருந்தபோது நடைபாதையில் சின்னவர் அவளைப் பார்த்துவிட்டான். ஆய்வுக்கூடத் தலைவர் வேறோர் ஆலையில் அதே பதவியில் இருப்பதாகச் சொன்னான்.

“நீங்க சார்?”

“மாமாவோட ஆலையில மேனேஜர்,” என்றான், குற்றம் செய்தவனைப் போல.

அவள் வாளியை ஓரமாக நகர்த்தினாள்.

“தரை ஈரமா இருக்கு. பார்த்துப் போங்க.”