மூன்றாவது சிலிண்டர்

தங்கையின் காரில் இன்ஜின் கோளாறைக் காட்டும் அந்த மஞ்சள் விளக்கு எரிவது இது நான்காவது தடவை. கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கிறவள் அவள். அக்காவின் பட்டறையில் வண்டியை நிறுத்தி இறங்கும்போதே ஆரம்பித்தாள்.

"ஊரு வண்டியெல்லாம் சரி பண்ற. தங்கச்சி வண்டி மட்டும் சவலப்பிள்ளையா?"

அக்கா குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரின் வயரைச் செருகினாள். திரையில் அதே பழைய கோளாறு கோட்: பி 0303. மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஏன் எரியவில்லை என்று அது சொல்லாது.

ஸ்பார்க் பிளக்கை மாற்றியாயிற்று. மூன்றாவதின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை ஒன்றாவதில் போட்டுப் பார்த்தாயிற்று. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் அப்படியே இடம் மாற்றியாயிற்று. கோட் மட்டும் மூன்றை விட்டு நகர மாட்டேன் என்றது.

விளக்கு எரிந்த நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்று குறித்து வைக்கும் பக்கம் ஒன்று ஸ்கேனரில் உண்டு. முந்தைய மூன்று தடவையும் அதை போனில் படம் எடுத்திருந்தாள். இப்போது நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாலிலும் வேகம் பூஜ்யம். இன்ஜின் சூடேறவே இல்லை. ஸ்டார்ட் செய்து அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

"என்னிக்கு எரியுது?"

"காலையிலதான்."

"எல்லா நாளுமா?"

தங்கை யோசித்தாள். "இல்லக்கா... திங்கட்கிழமை. ரெண்டு நாள் லீவு முடிஞ்சு எடுக்கும்போது கொஞ்சம் உதறும். அப்புறம் சரியாயிடும்."

இரண்டு நாள் சும்மா நிற்கும்போது அந்தச் சிலிண்டருக்குள் என்னதான் நடக்கிறது? இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்து உள்ளே இறங்குகிறதோ? அப்படியென்றால் கூலன்ட் தொட்டியில் குறைய வேண்டும். ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறாள், கோடு வரைக்கும் இருந்தது. இப்போதும் இருந்தது.

"இது குறையவே இல்லையே" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

தங்கையை ஸ்கூட்டரில் கூட்டிப்போக வந்திருந்த அவள் கணவர், கணக்கு வாத்தியார், எட்டிப் பார்த்தார். "எப்படிக்கா குறையும்? ஞாயித்துக்கிழமை தவறாம நான்தானே ஊத்துறேன்."

இருவரும் சட்டென்று திரும்பினார்கள்.

"எவ்வளவு ஊத்துறீங்க மாப்பிள்ளை?"

"ஒரு டம்ளர் தண்ணி. சில வாரம் ஒன்றரை. வண்டின்னா குடிக்கத்தானே செய்யும்?"

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் தங்கை.

"நீயா பாத்து, பரவாயில்லையேன்னு சொல்லுவேன்னு இருந்தேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. கூலன்டின் பச்சை வெளுத்துப்போயிருந்ததை அவளும் இப்போதுதான் கவனித்தாள்.

தொட்டி வாயில் கைப்பம்பைப் பொருத்திக் காற்றழுத்தம் கொடுத்துவிட்டு, கசிவு இருந்தால் உள்ளே இறங்கட்டும் என்று மறுநாள் மதியம் வரை வண்டியைத் தொடவில்லை. பிறகு பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் மெல்லிய வயர் கேமராவை இறக்கினாள். திரையை, கணவரோடு வந்திருந்த தங்கையின் கையில் கொடுத்தாள்.

"கண்ணு பாக்குறவ நீதானே, நீயே சொல்லு."

"ஒண்ணாவது கரியா, காஞ்சிருக்கு. ரெண்டும் அப்படித்தான்." மூன்றாவதில் அவள் குரல் தாழ்ந்தது. "இது மட்டும் கழுவி வெச்ச மாதிரி பளிச்சுன்னு இருக்கு. இரு, ஆட்டாத. ஓரத்துல ஒரு சொட்டு... பச்சை. அக்கா, இன்னொன்னு இறங்குது!"

வாத்தியாரும் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்.

இன்ஜினின் மேல்பாகத்தைக் கழற்றியபோது, நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் தகட்டில் மூன்றாவது சிலிண்டருக்குப் பக்கத்தில், கூலன்ட் கசிந்த முடியளவு மெல்லிய தடம் ஓடியிருந்தது. உலோகப் பரப்பு வளையவில்லை என்று அளந்து உறுதி செய்துகொண்டு, புது கேஸ்கெட் போட்டாள். கூலன்டையும் புதிதாக ஊற்றினாள்.

அதற்குப் பின் மூன்று திங்கட்கிழமைகள் வந்து போயின. வண்டி உதறவில்லை, விளக்கும் எரியவில்லை. வாத்தியார்தான் போன் செய்தார்.

"தொட்டில பேனாவால புள்ளி வெச்சிருக்கேன்க்கா. அதை விட்டு இறங்கவே இல்ல. எனக்குத்தான் ஞாயித்துக்கிழமை ஆனா கை பரபரங்குது."

"கண்ணாடியத் தொடச்சு விடுங்க மாப்பிள்ளை" என்றாள் அக்கா. "பானெட்டைத் தொறக்காதீங்க."