நின்னபடி தூங்குறவர்

எங்க வீட்டுக்காரருக்கு நின்னுக்கிட்டே தூங்குற பழக்கம். பேக்கரியில மாவு பிசையற மெஷினை ஓட விட்டுட்டு, பக்கத்துச் சுவத்துல நெத்தியை முட்டுக் கொடுத்து, ஒரு கையை மெஷின் மேல வச்சுக்கிட்டுக் கண்ணை மூடிடுவார். மாவு பதத்துக்கு வந்தா மெஷினோட அதிர்வு மாறுமாம், கை எழுப்பி விட்டுடுமாம். இதுவரைக்கும் மாவு கெட்டதில்லை. கடையில அவர் பேரே கொக்குதான். கடை அவரோட அண்ணனுடையது. பெரியவர்னுதான் நான் சொல்வேன். அவரும் தம்பியைக் கொக்குன்னுதான் கூப்பிடுவார்.

இதை எங்க மக போன்ல வீடியோவாப் படம் பிடிச்சு, "அப்பா வேலையில் மும்முரம்"னு எழுதி இணையத்துல போட்டா. நானும் பார்த்து வயிறு வலிக்கச் சிரிச்சேன். பெரியவர் கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக் காட்டிச் சிரிச்சார்.

அப்புறம் எந்த நாட்டுப் புண்ணியவானோ, அதுல சோகமா ஒரு வயலினைச் சேர்த்து, "இது வேலையா, அடிமைத்தனமா?"ன்னு போட்டுட்டான். அவ்வளவுதான், பத்திக்கிச்சு. ஒரு நாட்டுல உட்கார்ந்து அழறாங்க. இன்னொரு நாட்டுல, எங்க ஊரா இருந்தா முதலாளி இந்நேரம் உள்ளே இருப்பான்ங்கிறாங்க. வேற ஒரு நாட்டுல ஒரு கம்பெனிக்காரன் தன் ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டி, உழைப்புன்னா இதுன்னு சொன்னானாம். அவன் வாயில மண்ணு விழ. மக ஒவ்வொண்ணா மொழிமாத்திப் படிச்சா. எங்க வீட்டுக்காரர் பேந்தப் பேந்த முழிச்சார்.

அதோட விட்டிருந்தா பரவாயில்லை. படத்துல ரொட்டி டிரே மேல இருந்த கடைப் பேரை யாரோ பார்த்துட்டாங்க. எங்க ரொட்டியை மோந்துகூடப் பார்க்காதவங்க, ரொட்டி ஊசல், முதலாளி ராட்சசன்னு எழுதித் தள்ளினாங்க. எங்ககிட்ட தினமும் பன் வாங்குற பெரிய ஹோட்டலுக்கும் புகார் மேல புகார். அவங்க மேலிடம் வெளிநாட்டுல இருக்கு. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் சரக்கு வேண்டாம்னுட்டாங்க. எங்க கடை பாதி அந்த ஹோட்டலை நம்பித்தான் ஓடுது.

பெரியவர் தம்பிகூடப் பேச்சை நிறுத்திட்டார். மனசுல குறை இருந்திருக்கு, நேர்ல சொல்லத் துப்பில்லாம பொண்ணை விட்டுப் போட வச்சிருக்கான்னு அவர் சம்சாரத்துக்கிட்ட சொன்னாராம். அக்கா அதை என்கிட்ட சொல்லிட்டு மூக்கைச் சிந்தினாங்க. எனக்கு வந்ததே கோவம். கூடப் பிறந்தவனை விட எவனோ வாசிச்ச வயலின் பெருசாப் போச்சான்னு வீட்டுக்கு வந்து இவர்கிட்ட கேட்டேன். எங்க வீட்டுக்காரர் சோத்துல கையை வச்சபடியே உட்கார்ந்திருந்தார். அவங்க அப்பா போனதுக்கப்புறம் அவரை வளர்த்து ஆளாக்கினதே அண்ணன்தான். கடை போனா இன்னொரு கடை வைக்கலாம், அண்ணன் என்னை அப்படி நினைச்சுட்டாரேன்னார். அந்த மனுஷன் கண் கலங்கி அன்னைக்குத்தான் பார்த்தேன்.

மகளைக் கிழி கிழின்னு கிழிச்சேன். அவ அழுதுக்கிட்டே படத்தை இணையத்துலேர்ந்து எடுத்துட்டா. எடுத்து என்ன, அதுக்குள்ள ஊர்பட்ட நகல்.

சரி, இன்னொரு படம் எடுத்து உண்மையைச் சொல்லிடலாம்னு முடிவு பண்ணினோம். அக்கா கெஞ்சிக் கூத்தாடிப் பெரியவரைச் சம்மதிக்க வச்சாங்க. இங்கதான் என் புத்தி புல் மேயப் போச்சு. ஒத்துமை தெரியணும்னு, பெரியவரைப் பக்கத்துல நிறுத்தி, தம்பி தோள்ல கையைப் போடச் சொன்னதே நான்தான். பெரியவர் ஆள் ஆஜானுபாகு, சிரிச்சாலும் முறைக்கிற மாதிரியே இருக்கும். எங்க வீட்டுக்காரருக்கோ கேமராவைக் கண்டா நாக்கு ஒட்டிக்கும். எனக்கு ஒரு குறையும் இல்லை, அண்ணன் நல்லவர்னு ஒப்பிச்சார். நடுவுல சரியாச் சொல்றோமான்னு அண்ணன் முகத்தை வேற பார்த்துக்கிட்டார்.

கேட்கணுமா? மிரட்டிச் சொல்ல வச்சிருக்கான்னுட்டாங்க. தோள் மேல இருந்த கையைச் சுத்தி வட்டமே போட்டுக் காட்டினாங்க.

மறுநாள் கடையில பெரியவர் எங்க மகளைக் கூப்பிட்டு, வந்ததையெல்லாம் படின்னார். அவ பயந்து பயந்து படிச்சா. வசவெல்லாம் அசையாம கேட்டுக்கிட்டார். நடுவுல எந்த நாட்டுப் பொம்பளையோ ஒரு வரி எழுதியிருந்தா. சண்டை போடுறீங்களே, அவருக்குக் கால் வலிக்குதான்னு யாராவது கேட்டீங்களான்னு.

பெரியவர் போய் மெஷினை நிறுத்தினார். எங்க வீட்டுக்காரர் திடுக்குன்னு முழிச்சார்.

"தம்பி, உனக்குக் கால் வலிக்குமாடா?"

கொக்குன்னு கூப்பிடலை.

"வலிக்கும்ணே."

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"நீங்களும் நின்னுக்கிட்டுத்தானேண்ணே இருக்கீங்க."

உண்மைதான். அந்தக் கடையில நாற்காலின்னு ஒண்ணு யாருக்குமே இருந்ததில்லை. பெரியவர் வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையிலேர்ந்து ரெண்டு நாற்காலியைத் தூக்கிட்டு வந்தார். ஒண்ணுல தம்பியை உட்கார வச்சுட்டு, பக்கத்துல தானும் உட்கார்ந்தார். மெஷினைத் திரும்ப ஓட விட்டு, ரெண்டு பேரும் அது மேல கையை வச்சுக்கிட்டாங்க.

ஹோட்டல்லேர்ந்து இன்னும் பதில் வரலை. எங்க வீட்டுக்காரர் அடிமையும் இல்லை, பெரியவர் ராட்சசனும் இல்லை. வயலின்காரன் என் கையில கிடைச்சான்னா நாலு கேள்வி கேட்பேன். ஆனா அந்தப் பொம்பளை கேட்டது என்னையும் சேர்த்துத்தான். படுக்கும்போது அவர் தலையணையைக் காலுக்கடியில வச்சுக்குவார். தலைக்கு வைக்கிறதைக் காலுக்கு வைக்காதீங்கன்னு திட்டி, தினமும் உருவிப் போடுறது நான்தான்.