மஞ்சள் பூசிய மூட்டைகள்

மேலத்தாங்கல் ஏரிக் கலங்கலின் மேல் மணல் மூட்டைகள் இரண்டு வரிசை ஏறியிருந்தன. மூட்டைகளுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலையும் செருகியாகிவிட்டது. கடா கூட வெட்டியாகிவிட்டதாம். இனி அதில் எவன் கை வைப்பான்?

கலைமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒலக்கூர் பக்கத்து ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவிப் பொறியாளர் அவள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போகட்டும் என்றுதானே கலங்கல் என்று ஒரு தாழ்ந்த சுவரைக் கட்டி வைத்திருக்கிறது? அதை மூட்டை போட்டு உயர்த்தினால் தண்ணீர் கரையைத்தான் முட்டும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஆனாலும் இந்த ஊரில் வருஷா வருஷம் ஐப்பசியில் மூட்டை அடுக்குவார்கள், பூசை போடுவார்கள், பொங்கல் கழிந்துதான் எடுப்பார்கள். இத்தனை நாள் தப்பித்தது மழையின் தயவு. இந்த வருஷப் புயலோ திண்டிவனத்துத் தலைமேல் உட்கார்ந்துகொண்டு நகரவே மாட்டேன் என்கிறது.

“மூட்டைய எடுங்க. பழைய மதகாண்ட கரை ஊறிக்கினு இருக்குது” என்றாள்.

மூட்டைகளை மறித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் அவளைப் பெற்ற சுப்பராயலுவும் இருந்தார். “போன சித்திரையில கெணறு வத்தி மல்லாட்டைப் பயிரு கருகிச்சே, அப்ப எங்க போச்சு உங்க ஆபீசு? வந்த தண்ணிய கடலுக்கு உடச் சொல்றியா?”

“கடலுக்கு இல்லப்பா. வழிஞ்சா கீழத்தாங்கல் ஏரிக்குத்தான் போவும்.”

சொல்லியிருக்கக் கூடாது. ஏரிச் சங்கத் தலைவர் வேங்கடேசன் பிடித்துக்கொண்டார். “அதான பார்த்தேன்! மாமியா ஊரு காஞ்சி கெடக்குதுன்னு மருமவளுக்கு வயிறு எரியுது.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கீழத்தாங்கலில் வாழ்க்கைப்பட்ட ஒரே குற்றத்துக்கு, அவள் படிப்பும் உத்தியோகமும் அந்தச் சிரிப்போடு போயின.

மேலதிகாரிக்குப் போன் போட்டாள். ஜேசிபி பைபாஸ் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறதாம். போலீசுக்குச் சொல்லியிருக்கிறதாம். “அதுவரைக்கும் எப்படியாவது சமாளிங்கம்மா” என்றார். எதை வைத்துச் சமாளிப்பது? கூட வந்த ஆட்கள் மஞ்சளைப் பார்த்ததுமே கையைக் கட்டிக்கொண்டுவிட்டார்கள். அவளே போய் ஒரு மூட்டையைப் பிடித்தாள். அது அசைவதற்குள் அப்பா அவள் கையைப் பிடித்து விலக்கினார். “ஊரு முன்னால மானத்த வாங்காத, போ.”

சரி, கீழே இருப்பவர்களையாவது காப்பாற்றலாம் என்று மாமியாரைக் கூப்பிட்டாள். கோவிந்தம்மாள், இந்தக் கலங்கல் தண்ணீர் கீழே போகும் கால்வாய் ஓரத்துக் கழனி வீட்டில் கறவை மாடுகளோடு தனியாக இருந்தாள். மகன் ரஞ்சித்துக்குச் சென்னையில் வேலை.

“அத்தை, இங்க கரை தாங்காது. மாட்ட அவுத்து உட்டுட்டு ஜல்தியா பள்ளிக்கூடத்து மாடிக்குப் போயிடுங்க. ஊர்லயும் சொல்லுங்க.”

“இன்னாம்மா பேஜாரு பண்ற? எங்க ஏரி நெரம்பி மூணு வருசம் ஆவுது. தண்ணிய மூட்டை போட்டுக் கட்டி வெச்சிக்கினு, வெள்ளம் வருது ஓடுன்னு பயங்காட்டச் சொன்னாரா உங்கப்பா? நீ எந்த ஊட்டுப் பொண்ணுன்னு காட்டிட்ட.” போனை வைத்துவிட்டாள்.

இவர்களுக்கு அவள் அந்த ஊர்க்காரி, அவர்களுக்கு இந்த ஊர்க்காரி. பொறியாளர் என்று ஒருத்தி மழையில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பது யார் கண்ணிலும் படவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். கோவிந்தம்மாள் எடுக்கவே இல்லை.

மத்தியானம் பழைய மதகடியில் கரைமண் பொலபொலவென்று உதிர்ந்தது. முதலில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குப் பிளந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி போகும் அகலம் ஆயிற்று. “ஐயோ, தாயே!” என்று ஊரே தலையிலடித்துக்கொண்டு சிதறியது.

சுப்பராயலு மட்டும் கலங்கலுக்கு ஓடினார். மூட்டைகளை இழுத்து இழுத்து எறிந்தார். மஞ்சள், குங்குமம், கடா எதுவும் இப்போது அவருக்கு ஞாபகமில்லை. ஏரித் தண்ணீர் அதற்குள் கலங்கல் சுவருக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது.

“உட்டுடுப்பா. இனிமே எடுத்து இன்னா ஆவப்போவுது?” என்றாள். அவர் காதில் ஏறவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. கோவிந்தம்மாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“கலை, கால்வாயில தண்ணி வருதும்மா! செவசெவன்னு புதுத் தண்ணி! நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சிக்காத.”

“அத்தை, ஓடுங்க! கரை ஒடஞ்சிடுச்சி, மாடிக்கு ஓடுங்க!”

“மழையில ஒண்ணும் கேக்கலம்மா. இரு, கால்வாயாண்ட போயி மஞ்சா குங்குமம் போட்டு ஒரு கும்புடு போட்டுட்டு வர்றேன்.”

“போவாதீங்க! அத்தை, போவாதீங்க!”

“மூட்டைய எடுத்து உட்டாரே, அதுவே பெரிய மனசு. உங்கப்பாவ நான் கையெடுத்துக் கும்புட்டேன்னு சொல்லும்மா.”

போன் கட்டாயிற்று. கலைமதி திரும்பிப் பார்த்தாள். அப்பா இன்னும் மூட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தார்.