ஒண்ணும் கேக்கலை

வீட்டு டெலிபோனை நாராயணஸ்வாமி மார்ச் மாதமே எக்ஸ்சேஞ்சில் சரண்டர் செய்துவிட்டார். காஞ்சன்பாக் ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பது வருஷம் கம்பிகளைச் சோதித்தவர். இனி உலகத்தில் கம்பிக்கு வேலையே இல்லை என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இண்டர்நெட்டில் அமெரிக்காவுக்கு ஓசியில் பேசலாம். ‘ஓசி’ என்று சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பிரகாசம் மகள் ப்ரியம்வதாவுக்குப் பிடிக்காது.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கல்யாணத்துக்கு ஒரே நிபந்தனை வைத்திருந்தாள். பிள்ளை வீட்டார் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த இடம் வேண்டாம். இரண்டு இடங்கள் அப்படிப் போயாயிற்று.

மூன்றாவது, நியூ ஜெர்ஸியில் இருக்கும் ஹர்ஷா. இரண்டு மாதமாக இண்டர்நெட்டில்தான் பேச்சு. குரல் துண்டு துண்டாக வரும். விட்டுப்போன இடங்களை அவளே நிரப்பிக்கொள்வாள். நிரப்பிய பகுதிகள் நன்றாகவே இருந்தன. நிபந்தனையைச் சொன்னபோது, “டோட்டலி அக்ரீட்” என்றான். அது மட்டும் உடையாமல் வந்து சேர்ந்தது. இவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹர்ஷாவின் அப்பா கோவிந்தராஜன் பேசுவதாக ஏற்பாடு. மனைவியுடன் மகனிடம் ஆறு மாதம் தங்கப் போயிருந்தார். நாராயணஸ்வாமி குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

“நமஸ்காரம் சார்!” என்று கத்தினார்.

“ஏன்னா, மைக்குதான் இருக்கே. எதுக்கு அமெரிக்காவையே எழுப்பறேள்?” என்று மனைவி ரமணி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“நீ சும்மா இரு. சார், எங்க கிட்டேர்ந்து என்ன எதிர்பார்க்கறேள்? சங்கோஜமே வேண்டாம். கேளுங்கோ.”

அந்தப் பக்கம் யாரோ மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்கள். பிறகு கோவிந்தராஜனின் குரல் வந்தது.

“ஒண்ணும் கேக்கலை சார்... ஹலோ... ஒண்ணுமே கேக்கலை.”

தொடர்பு அறுந்தது.

நாராயணஸ்வாமி எழுந்து மானிட்டரைப் பார்த்துக் கை கூப்பினார். கண் கலங்கியிருந்தது. “ரமணி! ஒண்ணுமே கேக்கலையாம்! தங்கமான மனுஷன்!” செல்லை எடுத்துக்கொண்டு, கும்பகோணத்து அண்ணாவிடம் சொல்ல வாசலுக்குப் போனார்.

ப்ரியம்வதா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆபீசில் ஒரு நாளைக்கு இருபது தடவை அவள் காதில் விழும் வாக்கியம் அது. காதில் விழவில்லை என்று சொன்ன ஆளை, வரதட்சணை வேண்டாம் என்று சொன்ன மகானாக்க அவள் அப்பா ஒருவரால்தான் முடியும். சும்மா இருந்திருந்தால் அந்த மகான் இன்னும் கொஞ்ச நேரம் மகானாகவே இருந்திருப்பார். அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஹர்ஷாவுக்கு எழுத்தில் அனுப்பினாள். உங்க அப்பா இப்ப என்ன சொன்னார்?

உடனே பதில் வந்தது. ஆடியோ வரலைன்னார். ஏன், உங்க அப்பா என்ன கேட்டார்?

சொன்னாள். அவன் எழுதுவதைக் காட்டும் சின்னப் பென்சில் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. லைன் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா ஒரு லிஸ்ட் வெச்சிருக்கா. பெருசா ஒண்ணும் இல்லை. அனுப்பறேன். உனக்குத் தெரிஞ்சதா காட்டிக்காதே.

நீ என்ன சொன்னே அவாகிட்ட?

நான் இதிலெல்லாம் தலையிடறதில்லை, ப்ரியா.

கோப்பு வந்தது. எக்ஸெல். பெயரில் மூன்றாம் பதிப்பு என்று இருந்தது. தயாரித்தவர் என்ற இடத்தில் ஹர்ஷாவின் பெயர். பொருள், எண்ணிக்கை, குறிப்பு என்று தலைப்புகள். தலைப்பு வரிசைக்கு வெளிர்நீலம். கீழே போனாலும் அந்த வரிசை நகராமல் நிற்கும்படி செய்திருந்தான். தலையிடாதவன் இவ்வளவு செய்திருந்தான். தலையிட்டிருந்தால் படமும் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

கம்ப்யூட்டர் மணியடித்தது. நாராயணஸ்வாமி ஓடிவந்தார்.

“இப்ப கேக்கறதா சார்?” என்றார் கோவிந்தராஜன். அங்கே ஃபிரிட்ஜ் கதவு சாத்தும் சத்தம்கூடத் துல்லியமாக வந்தது.

“பேஷா கேக்கறது! சார், ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேள் பாருங்கோ, இந்தக் காலத்துல...”

ப்ரியம்வதா மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மாமா, நான் ப்ரியம்வதா. ஹர்ஷா லிஸ்ட் அனுப்பியிருக்கான். படிக்கறேன். சரியான்னு சொல்லுங்கோ. ஒண்ணு, கல்யாணம் மெட்ராஸ்ல, ரெண்டு நாள். ரெண்டு, வெள்ளிப் பாத்திரம் ரெண்டு செட். மூணு, ஹர்ஷா தங்கைக்கு வைரத்தோடு. நாலு, கார். குறிப்பு, மெட்ராஸ்ல ஓட்ட. கலர் நெகோஷியபிள்.”

“ஹலோ... சரியா விழலையேம்மா... ஹலோ...”

நாராயணஸ்வாமி மைக்கைக் கையால் பொத்தினார். அவர் முகம் வெளிறியிருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“இருடி. அவாளுக்குத்தான் விழலையே. அப்படியே விட்டுடு. மெதுவாப் பேசி, பாதியாவது பண்ணிடலாம்.”

அவரை நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் ஒன்று சொல்லிவிட்டுப் பின்னால் வேறு செய்கிறவன் ஹர்ஷா ஒருவன் மட்டுமில்லை என்று தெரிந்தது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக மைக்கிலிருந்து எடுத்தாள்.

“மாமா, எனக்கு இந்த இடம் வேண்டாம்.”

“என்னம்மா இது அவசரம்?” பதில் உடனே வந்தது. “சின்னப் பசங்க விஷயம். எல்லாம் உட்கார்ந்து பேசிக்கலாம்.”

“கார் கலர் மட்டும்தான் பேசலாம்னு போட்டிருக்கு மாமா.”

தொடர்பைத் துண்டித்தாள். ஹர்ஷாவின் பெயரைத் தொடர்புப் பட்டியலிலிருந்து நீக்கினாள். நீக்கவா என்று கம்ப்யூட்டர் ஒரு முறை கேட்டது. ஆமாம் என்றாள். கம்ப்யூட்டரை அணைத்தாள்.

ரமணி கரண்டியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். நாராயணஸ்வாமி கொஞ்ச நேரம் கறுத்த திரையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்தார்.

“லைன் சரியில்லாம பேச்சு முறிஞ்சுடுத்துன்னு அண்ணாகிட்ட சொல்லிடறேன்” என்றார்.