மிச்ச ஆயில்

மருமகள் வாங்கி வைத்திருந்த ஆயில் டப்பாவை டிரைவர் குலுக்கிப் பார்த்தார், மூடியை முகர்ந்து பார்த்தார், வெயிலில் பிடித்து மூடி மேல் ஒட்டிய சீல் தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. டப்பாவின் மேல் எண்ணும் எழுத்துமாக என்னென்னவோ அச்சடித்திருந்தது. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் படிப்பு. அச்சடித்தவன் விற்கத்தானே அச்சடிக்கிறான், அதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்பது அவர் கட்சி.

"மெக்கானிக் அண்ணன் இதைத்தான் வாங்கச் சொன்னாரு மாமா," என்றாள் மருமகள், கொடியில் துணி உலர்த்திக்கொண்டே.

"அவன் சொன்னானா? அப்ப அவனுக்கு அதுல ஏதோ இருக்கு."

"உங்களுக்கு நம்ம வீட்டுக் கடிகாரத்து மேலயே நம்பிக்கை கெடையாது," என்று சிரித்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

மெக்கானிக்கோடு அவருக்குப் பழைய பகை. வண்டியிலிருந்து வடித்த ஆயிலைத் திருப்பித் தரவில்லை என்று, கடையில் நாலு பேர் நிற்கும்போது, "அதை வித்துத்தான் மாடி கட்டுறியா?" என்று கேட்டுவிட்டு வந்தவர். அன்றிலிருந்து ஆயில் மாற்றுவது வாசலில் வைத்து அவர் கையாலேயேதான். பைக் மகனுடையது. மகன் அச்சகத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகத் தொடங்கிய பிறகு அது மருமகள் கைக்கு வந்தது. அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் கையில் நரம்பைத் தேடி ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் அவர் அதைச் செய்தார். கட்டிலுக்கடியில் ஒரு கேன் இருந்தது. முதலாளியின் பெரிய காருக்கு ஊற்றியதுபோக மிஞ்சியதையெல்லாம் கேட்டு வாங்கிச் சேர்த்த ஆயில். தேன் மாதிரி இருக்கும். வேலையை விட்டு வந்தபோது அவர் கொண்டுவந்த சொத்து என்று சொன்னால் அது ஒன்றுதான். அத்தனை விலையுயர்ந்த காரே அதைக் குடித்துவிட்டுப் பூனை மாதிரி ஓடியது, இந்தப் பைக் எம்மாத்திரம்? பழைய ஆயிலை வடித்துவிட்டுத் தன் ஆயிலை ஊற்றினார். மருமகள் வாங்கிய டப்பாவைக் கட்டிலுக்கடியில் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

"ஊத்திட்டீங்களா மாமா?" என்று அவள் வந்து கேட்டபோது, "ஊத்தியாச்சு," என்றார். அதில் பொய் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரமே வண்டி மேம்பாலத்தின் நடுவில் நின்றது. நின்றது என்றும் சொல்ல முடியாது. எஞ்சின் அலறுகிறது, சக்கரம் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லையாம். பெட்டியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே அவள் பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது. எடுத்த ரத்தம் அத்தனையும் வீண். அந்தக் கிழடுகளின் கையில் மறுபடி ஊசி குத்தப் போக வேண்டும். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

இரவுச் சாப்பாட்டில் மகன் அவளைப் பிடித்துக்கொண்டான். "கிளட்ச்சைப் பாதி புடிச்சுக்கிட்டே ஓட்டுனா உள்ள இருக்குற கிளட்ச் தட்டு கருகாம என்ன பண்ணும்? கியர் வண்டி உனக்கு ஒத்து வராதுன்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன். நீங்களே சொல்லுங்கப்பா, உங்களுக்குத் தெரியாததா?"

தன்னிடம் நியாயம் கேட்கிறார்கள் என்றதும் டிரைவருக்கு முதுகு நிமிர்ந்தது. "சில பேருக்கு இடது கை கிளட்ச்சோடவே ஒட்டிப் பொறந்திருக்கும்," என்றார். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. தன் இடது கையை ஒரு தரம் பார்த்துவிட்டு அதைத் தட்டுக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வண்டியைத் தெருமுனை வரை அவரே ஓட்டிப் பார்த்தார். சமதரையில் சாதுவாகப் போயிற்று. முறுக்கினால் சத்தம்தான் ஏறியது. கை கிளட்ச்சை முழுசாக விட்டிருந்தது, அது அவர் கை. வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தெரிந்த முகம் இல்லாத ஆயில் கடையாகத் தேடி, இரண்டு தெரு தாண்டி நடந்தார். கூட்டாளி ஒருவன் பைக்குக்குக் கார் ஆயில் ஊற்றிவிட்டான், ஒன்றும் ஆகாதே என்று போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "காருக்கு கிளட்ச் தனியாக் காஞ்சு கெடக்கும் பெரியவரே. பைக்குல தட்டு ஆயிலுக்குள்ளயே முழுகிக் கெடக்கு. கார் ஆயில் வழவழன்னு இருக்கும், தட்டை ஒண்ணோட ஒண்ணு புடிக்க விடாது. யாரு உங்க கூட்டாளி, அந்தப் புத்திசாலி?"

"இருக்கான் ஒருத்தன்," என்றார் டிரைவர்.

இத்தனை வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்த கை. ஒரு கீறல் விழுந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த வாய். வழி நெடுகச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வண்டி அவளால் கெடவில்லை, நான்தான் ஊற்றினேன். அவ்வளவுதான் சங்கதி, ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். வீட்டில் மகன் வண்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வித்துடலாம்னு இருக்கேம்ப்பா. அவளும் வேலைய விட்டுட்டு வீட்டோட இருக்கட்டும். தெனமும் என்ன ஆகுமோன்னு யாரால முடியும்?"

மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் வாயைத் திறந்தார். "சாப்பாடு ஆறுது," என்று வந்தது.

பிறகு ஒரு யோசனை தோன்றியது. யாருக்கும் தெரியாமல் தன் ஆயிலை வடித்துவிட்டு அந்த டப்பாவை ஊற்றிவிட்டால் போதும், வண்டி தானாகச் சரியாகிவிட்டது என்று ஆகிவிடும். பொழுது சாய்ந்ததும் தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் கையை விட்டார். இரும்புப் பெட்டி இருந்தது. பெட்டிக்குப் பின்னால் துழாவினார். டப்பா இல்லை. அந்த இடம் பெருக்கித் துடைத்து, தூசி தும்பு இல்லாமல் இருந்தது.

காலையில் மருமகள் புருஷனிடம் சாவியைக் கேட்டு வாங்கினாள். ஒரு தடவை மெக்கானிக் பார்க்கட்டும், அப்புறம் விற்பதானால் விற்கலாம் என்றாள். "மாமா, நீங்களும் கூட வாங்களேன்."

ஆளுக்கொரு பக்கமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் தோளில் வேலைக்குப் போகும் பை தொங்கியது. வழியில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மெக்கானிக் டிரைவரைப் பார்த்தும் பார்க்காததுபோல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வண்டிக்கு அடியில் ஒரு சட்டியை வைத்து ஆயிலை வடித்தார். இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். "இது பைக் ஆயிலே இல்லையே. யாரு ஊத்துனது?"

கடையில் இன்னும் இரண்டு பேர் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். டிரைவர் அவர்களைப் பார்த்தார்.

"நான்தாண்ணே," என்றாள் மருமகள். "தெரியாம ஊத்திட்டேன்."

"வீட்ல டிரைவரை வச்சுக்கிட்டா?"

"அவரைக் கேட்டிருக்கணும். கேக்கல."

பையைத் திறந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். சீல் உடையாத அதே டப்பா. அதன் விலாவில் இரும்புப் பெட்டியின் துரு, கோடாகப் படிந்திருந்தது. அப்படியானால் அவளுக்குத் தெரியும். மகன் வண்டியை விற்பதாகச் சொன்னபோது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அப்போதேகூடத் தெரிந்திருக்கும். அவர் வாயிலிருந்து என்ன வருகிறது என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சாப்பாடு ஆறுவதுதான் வந்தது. டிரைவர் சுவரில் தொங்கிய ஸ்பேனர்களைப் பெரியது சிறியது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு நின்றார்.

"தட்டு கருகல, தப்பிச்சுது," என்றார் மெக்கானிக். "பழசு கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். ரெண்டு நாளைக்கு லேசா வழுக்கும், அப்புறம் புடிச்சுக்கும்." வடித்த ஆயிலை ஒரு பழைய பாட்டிலில் ஊற்றி, மூடி கிடைக்காமல் காகிதத்தைச் சுருட்டி அடைத்து டிரைவர் கையில் கொடுத்தார். "கையோட எடுத்துட்டுப் போயிருங்க. அப்புறம் நான் மாடி கட்டிட்டேன்னுவீங்க."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர் வாங்கிக்கொண்டார்.

"ஏறுங்க மாமா," என்றாள். வீட்டுக்கு நேர் வழி இருக்க, அவள் மேம்பாலத்துப் பக்கம் திருப்பினாள். ஏற்றத்தில் வண்டி ஒரு முறை திணற, சத்தம் மட்டும் எழும்பியது. பிறகு எதுவோ எதையோ பிடித்துக்கொள்ள, வண்டி மெல்ல மெல்ல உச்சிக்கு ஏறியது. அவளுடைய இடது கை கிளட்ச்சைத் தொடாமல் கைப்பிடியை மட்டும் சுற்றியிருப்பது பின்னாலிருந்த அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் பார்க்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருந்தாளோ என்னவோ.

மகன் வாசலிலேயே நின்றிருந்தான். வண்டி நின்றதும், "என்னவாம்? தட்டு போச்சா? என்ன சொன்னான் அவன்?" என்று கேட்டான்.

அவள் எஞ்சினை அணைத்தாள். கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்னால் டிரைவரும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் மடியோடு அணைத்துப் பிடித்திருந்த பாட்டிலில் காகிதம் ஊறிப்போய், ஆயில் விரலிடுக்கில் கசிந்து, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, வெள்ளைச் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.