வெள்ளைச்சாமி பெயரில் ஒரு மையம்

பேராசிரியர் அருள்ஜோசப் வீடு தேடி வந்து சேதியைச் சொன்னபோது, சந்தோஷப்படுவதா தயங்குவதா என்று பொற்கொடிக்குத் தெரியவில்லை. இறந்துபோன அவள் அப்பா, முன்னாள் எம்.எல்.ஏ. வெள்ளைச்சாமியின் பெயரில் பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கை ஆய்வு மையம் தொடங்கப் போகிறார்களாம்.

"சூளகிரிப் பக்கம் இத்தனை கம்பெனி வந்ததுக்கு அவர்தான் காரணம் மேடம். திறப்பு விழாவுல நீங்க நாலு வார்த்தை பேசணும்."

சரி என்று சொல்லிவிட்டாள். என்ன பேசுவது என்றுதான் பிடிபடவில்லை. வீட்டில் அப்பா அரசியலைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை, அவரோடு கட்சி வேலை பார்த்த நாராயணம்மாவைத் தேடிப் போனாள்.

"கம்பெனி கொண்டாந்தாரா?" நாராயணம்மா சிரித்துவிட்டாள். "நெலத்தைக் குடுக்காதீங்கன்னு எங்களை ரோட்டுல உக்கார வெச்சதே உங்கப்பாதான்."

"அப்புறம் எப்படிக்கா கம்பெனி வந்துச்சு?"

"மெட்ராஸ் போயிட்டு வந்தாரு. வந்ததும், குடுத்துடுங்கன்னுட்டாரு. ஏன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாரு. மொதல்ல எழுதிக் குடுத்தது உங்க நெலத்தைத்தான்."

"பயந்துட்டாரா? இல்ல, ஊருக்கு நல்லதுன்னு நெனச்சாரா?"

"தெரியல பாப்பா. எம்மவன் இப்ப அந்தக் கம்பெனிலதான் வேலை செய்யறான். அவரைத் திட்டவும் முடியல, கும்பிடவும் முடியல."

பொற்கொடி முன்னிலும் குழம்பிப்போய் வீடு திரும்பினாள்.

விழாவில் பேசியவர்கள் எல்லோரும் வெள்ளைச்சாமியைத் தொலைநோக்குத் தலைவர் என்றார்கள். அவள் முறை வந்தது. வீட்டில் ஒத்திகை பார்த்த புகழ்ச்சி வாயில் வரவில்லை.

"எங்கப்பா முதல்ல நிலத்தைக் குடுக்காதீங்கன்னாரு. அப்புறம் குடுங்கன்னாரு. நடுவுல என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. இங்க படிக்கிறவங்க கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க."

கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டம் விழித்தது. துணைவேந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கீழே இறங்கியதும் அருள்ஜோசப், "இப்படிச் சொல்லிட்டீங்களே மேடம்" என்றார். அவர் முகத்தில் இருந்தது கோபமா யோசனையா என்று தெரியவில்லை.

சில வாரம் கழித்து நாராயணம்மா போன் செய்தாள். "உங்கப்பா பேரு போட்ட காலேஜுல இருந்து ரெண்டு பொண்ணுங்க வந்திருக்குதுங்க. அந்த நெலக் கதைய முழுசாக் கேக்குதுங்க. என்ன சொல்லட்டும்?"



"நடந்ததைச் சொல்லுங்கக்கா."

போனை வைத்த பிறகும், அப்பாவுக்கு நல்லது செய்தோமா கெட்டது செய்தோமா என்று அவளுக்கு விளங்கவில்லை.