எலிக்கு ஒன்றும் ஆகவில்லை

கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் கூண்டுகளைக் கழுவித் தீவனம் வைப்பது இருசப்பனின் வேலை. அங்கே வெள்ளெலிகளின் வயிற்றில் மெத்தனால் என்னும் நச்சுச் சாராயத்தைச் செலுத்தி, அது விழித்திரையையும் பார்வை நரம்பையும் எவ்வளவு கெடுக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். காலைதோறும் இருசப்பன் எலியைத் துணியில் சுற்றிப் பிடிப்பான். ஆய்வாளர் கோகிலவாணி அதன் கண்ணில் ஒளியைப் பாய்ச்சிக் குனிந்து பார்ப்பார்.

"நார்மல். அடுத்தத எடுங்க, இருசப்பன்."

அந்த ஒரு சொல்லை மடியில் முடிந்துகொண்டுதான் அவன் தன் ஊரான கரியாலூருக்குப் பேருந்து ஏறினான்.

வீட்டில் தம்பி வெற்றிவேலின் கையிலிருந்த சாராயப் பாக்கெட்டைத் தம்பியின் மனைவி ஆயம்மாள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இதுல என்னாத்தையோ கலக்கறானுங்களாம், கண்ணு பூடுமாம். நீயாச்சும் சொல்லு மாமா. கண்ணு பாக்கற எடத்துலதான வேல செய்யற?"

இருசப்பனுக்கு நெஞ்சு சற்று நிமிர்ந்தது. "எங்க எலிங்களுக்கு அந்த ஸ்பிரிட்டத்தான் டெய்லி குடுத்துக்கினு இருக்கறோம். ஒண்ணும் ஆவல. மேடமே நார்மல்னு சொல்றாங்க."

"கேட்டுக்கினியா? எலிக்கு நான் இன்னா கம்மியா?" என்று சிரித்தான் வெற்றிவேல். ஆயம்மாள் பிடியை விட்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில், மரவள்ளிக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்த வெற்றிவேல் நிமிர்ந்தான். "இன்னாடி, இந்நேரத்துல பனி மூடிக்கினு வருது?"

மருத்துவமனையில் உயிர் மிஞ்சியது. பார்வை மிஞ்சவில்லை.

வேலைக்குத் திரும்பிய இருசப்பன் நடந்ததைச் சொன்னபோது கோகிலவாணி விளக்கை அணைத்துவிட்டார்.

"எலியோட உடம்பு அந்த விஷத்தச் சீக்கிரம் முறிச்சிடும். நம்ம உடம்புல அது தங்கி நரம்பைப் பொசுக்கிடும். அதனாலதான் அடுத்து எலித் தீவனத்துல ஒரு சத்தைக் குறைச்சு, அதுங்களையும் நம்மள மாதிரி ஆக்கிப் பார்க்கப் போறோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, இருசப்பன்."

"கேக்கணும்னு தோணல மேடம். தெரியும்னு நெனச்சிக்கினேன்."

அவனுக்கு அழுகை வரவில்லை. அடுத்த எலியைத் துணியில் சுற்றி நீட்டினான். ஒளியில் அதன் கண் பழுதின்றி மின்னியது. அதையும் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் சின்னராசு வந்தார். இடுப்பில் ஒரு பாக்கெட் இருந்தது.

"ஏம்பா, எலிக்கு ஒண்ணும் ஆவலன்னு சொன்னியாமே. தம்பி குடிச்சது வேற சரக்கா இருக்கும், இல்ல?"

இருசப்பன் அவர் கையைப் பிடித்துத் தம்பியின் எதிரே கொண்டுபோய் நிறுத்தினான்.

"எலி நல்லாத்தாண்ணே ஓடிக்கினு இருக்குது. இவன் கண்ணத்தான் எடுத்துட்டோம். வித்தவன் பாதி எடுத்தான். தெரியாதத தெரிஞ்ச மாதிரி பேசி மீதிய நான் எடுத்தேன். குடிக்கறவனுக்குத் தைரியம் சொல்றதும் அவன் வாயில வெஷத்த ஊத்தறதும் ஒண்ணுதாண்ணே."

வெற்றிவேல் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினான். முகம் அவர்கள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளியே நின்றது.

"சின்னராசு அண்ணனா? பாக்கெட்ட இங்கயே கீழ ஊத்துண்ணே. எனக்குச் சத்தம் கேக்கணும்."